65-ஆம் பிராயத்தில் ஒரு படைவீரர் செய்ய வேண்டிய தீர்மானம்

அமெரிக்க ராணுவத்தில் 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஊழியம் புரிந்து ஓய்வுபெற்ற ஒருவர், சீருடையைக் கழற்றிவைத்த பின்னரும் பல காலம், வைத்தியச் செலவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாமலே வாழ்ந்து வருகிறார். டிரைகேர் என்னும் ராணுவ வைத்தியத் திட்டம், சொற்பமான ஆண்டுக் கட்டணத்துக்கு, அவரையும் அவர் மனைவியையும் ஆஸ்பத்திரிச் செலவின் பெருஞ்சுமையிலிருந்து காத்துவருகிறது. அவர் 65-ஆம் பிராயத்தை எட்டும்போது இந்த ஏற்பாடு அடியோடு மாறிவிடுகிறது. மூத்த பிரஜைகளுக்கெல்லாம் பொதுவான மெடிகேர் திட்டத்துக்கு அவர் பாத்தியதை உடையவராகிறார். அந்தப் பாத்தியதை பிறந்தவுடனேயே, இத்தனை நாள் அவரைக் காத்த பழைய டிரைகேர் விலகிக்கொள்கிறது. அதன் ஸ்தானத்தில் ‘டிரைகேர் ஃபார் லைஃப்’ என்ற ஆயுட்காலப் பாதுகாப்பு அவருக்கென்று ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு நிபந்தனையை அவர் உரிய காலத்தில் நிறைவேற்றினால்தான் அது அவரைச் சேரும். அந்த நிபந்தனை இன்னதென்று அறியாமலோ, அறிந்தும் அதை அலட்சியம் செய்தோ, ஆயுள் முழுவதும் அனுபவித்திருக்க வேண்டிய ஒரு பெரும் நன்மையை இழப்பவர்களும், காலம் கடந்து பெற்று அதற்கு அபராதம் செலுத்துகிறவர்களும் உண்டு. அவர்கள் பொருட்டே இந்தக் கட்டுரை.

வாக்குத்தத்தம் சட்டமான கதை

இந்த நன்மை எளிதில் கிடைத்ததன்று. இரண்டாம் உலக யுத்த காலத்திலும் கொரிய யுத்த காலத்திலும் படைக்கு ஆள் சேர்த்த அதிகாரிகள், 20 ஆண்டு ஊழியத்தைப் பூர்த்தி செய்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஆயுள் உள்ளவரை இலவச வைத்தியம் உண்டென்று மனப்பூர்வமாகவே வாக்களித்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யன்று. அவர்களுக்கு மேலிருந்தவர்களும் அப்படியே நம்பினார்கள். ஆனால் அந்த வாக்குக்குப் பின்னால் சட்டம் எதுவும் இருக்கவில்லை. 1956-ல் காங்கிரஸ் சபை இயற்றிய சட்டம், ஓய்வுபெற்றவர்களுக்கு ராணுவ ஆஸ்பத்திரிகளில் இடம் இருந்தால் மாத்திரமே சிகிச்சை என்று வரையறுத்தது.

1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி, ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் மிஸ்ஸூரி ராஜ்யத்தின் இண்டிபெண்டென்ஸ் நகருக்குச் சென்று, அங்கே முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனின் முன்னிலையில் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டு, அத்திட்டத்தின் முதல் அட்டையை ட்ரூமனுக்கே வழங்கினார். மறு ஆண்டில், 65 வயதுக்கு உட்பட்ட ஓய்வுபெற்ற படைவீரர்கள் வெளி டாக்டர்களிடம் வைத்தியம் செய்துகொள்வதற்குரிய ராணுவக் காப்பீடு ஏற்பட்டது. அதுவே பிற்காலத்தில் டிரைகேராக வளர்ந்தது. 65 வயதானவரை மெடிகேர் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில், அந்தப் பிராயத்தை எட்டியவரை அந்தக் காப்பீட்டிலிருந்து சட்டமே விலக்கி வைத்தது. ராணுவ ஆஸ்பத்திரிகள் ஏராளமாக இருந்தவரையில் இதன் கொடுமை வெளியே தெரியவில்லை. பனிப்போர் முடிந்து, 1990-களில் முகாம்கள் வரிசையாக மூடப்பட்டு, அவற்றோடு ஆஸ்பத்திரிகளும் மறைந்தபோதுதான், யுத்தகளங்களில் இளமையைச் செலவிட்ட கிழவர்கள் தங்களுக்கு வைத்தியத்தில் ஆதரவு குன்றிவிட்டதை உணர்ந்தார்கள்.

அவர்கள் சார்பில் வழக்காடியவர் கர்னல் பட் டே. 1967-ல் வட வியட்நாமில் அவருடைய விமானம் சுடப்பட்டு வீழ்ந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் சித்திரவதைகளை அனுபவித்து 1973-ல் மீண்டவர். வீரத்துக்காக அந்நாடு வழங்கும் மிக உயர்ந்த விருதைப் பெற்றவர். ஓய்வுக்குப் பின் ஃப்ளாரிடாவில் வக்கீலாக இருந்த அவர், 1996-ல் அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 2002-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்பதுக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொல்லிற்று: வாக்குக் கொடுத்தது மெய், ஆனால் அப்படி வாக்களிக்கும் அதிகாரம் காங்கிரஸ் சபைக்கு மாத்திரமே உரியது, ஆகையால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. வழக்கில் அவர்கள் தோற்றார்கள்.

ஆயினும் அவர்களும் அவர்களைப் போன்றவர்களும் எழுப்பிய குரல் வீண்போகவில்லை. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி கையெழுத்தான சட்டத்தின் மூலம், காங்கிரஸ் சபை டிரைகேர் ஃபார் லைஃப் திட்டத்தை நிறுவியது. 2001 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மருந்துச் சலுகையும், அதே ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து முழுப் பாதுகாப்பும் நடைமுறைக்கு வந்தன. வாய்வார்த்தையாக இருந்தது அன்று முதல் சட்டமாயிற்று. சட்டமானதால் அதற்கு விதிகளும் காலக்கெடுவும் உண்டாயின.

இரண்டு திட்டங்கள், ஒரே பாதுகாப்பு

மெடிகேரின் ‘ஏ’ பகுதி ஆஸ்பத்திரியில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கு உரியது. 10 ஆண்டு காலம் சம்பளத்தில் மெடிகேர் வரி செலுத்தியவருக்கு அது பிரீமியம் இல்லாமலே கிடைக்கும். ராணுவச் சம்பளத்திலும் இந்த வரி பிடிக்கப்படுவதால், ஓய்வுபெற்ற படைவீரருக்கு இதில் சிரமம் எழுவது அபூர்வம். ‘பி’ பகுதி டாக்டர் கட்டணம், பரிசோதனைகள், படுக்கையில் சேராமல் பெறும் சிகிச்சைகள் ஆகியவற்றுக்கு உரியது. இதற்கு மாதந்தோறும் பிரீமியம் செலுத்த வேண்டும். 2025-ல் பெரும்பாலோருக்கு அது 185 டாலர். மேலே சொன்ன நிபந்தனை இதுதான்: ‘ஏ’ பகுதிக்குப் பாத்தியதை உடைய ஓய்வுபெற்ற படைவீரர், ‘பி’ பகுதியிலும் சேர்ந்து அதற்குரிய பிரீமியத்தைச் செலுத்தி வந்தாலன்றி, டிரைகேர் ஃபார் லைஃப் அவருக்கு இல்லை. இரண்டும் இருந்துவிட்டால், அதற்கென்று தனி விண்ணப்பமோ தனிப் பிரீமியமோ வேண்டியதில்லை. ராணுவத்தின் பதிவேட்டில் விவரங்கள் சரியாக இருந்தால் போதும்.

இந்த இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் விதத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஓய்வுபெற்ற ஒரு சார்ஜண்ட், 2025-ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் நெஞ்சுவலிக்காக டாக்டரைப் பார்த்துச் சில பரிசோதனைகள் செய்துகொண்டார் என்றும், மெடிகேர் அங்கீகரித்த தொகை 1,000 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் முதல் 257 டாலரை நோயாளியே ஏற்க வேண்டுமென்பது ‘பி’ பகுதியின் விதி. எஞ்சிய 743 டாலரில் நூற்றுக்கு 80 வீதம், அதாவது 594 டாலர் 40 சென்ட்டை, மெடிகேர் கொடுக்கும். மிச்சமிருக்கும் 148 டாலர் 60 சென்ட்டும், முன்னே சொன்ன 257 டாலரும் ஆக 405 டாலர் 60 சென்ட் சாதாரணப் பிரஜையின் தலையில் விழும். இந்தச் சார்ஜண்டுக்கோ, மெடிகேர் தன் பங்கைக் கொடுத்த மாத்திரத்தில் கணக்குத் தானாகவே டிரைகேர் ஃபார் லைஃபுக்குச் சென்று, அந்த 405 டாலர் 60 சென்ட்டும் அங்கிருந்தே தீர்க்கப்படுகிறது. அவர் சல்லிக்காசு கொடுப்பதில்லை. ஒரு பாரத்தைக்கூடப் பூர்த்தி செய்வதில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால், ‘ஏ’ பகுதியின் கீழ் நோயாளி முதலில் ஏற்க வேண்டிய 1,676 டாலரும் இவ்வாறே தீர்ந்துபோகும்.

ராணுவத்தில் ஊழியம் செய்யாத மூத்த பிரஜைகள் இதற்கு இணையான பாதுகாப்பை விரும்பினால், மெடிகேருக்கு மேல் ‘மெடிகேப்’ என்ற துணைப் பாலிசியைத் தனியார் கம்பெனியிடம் வாங்கி, அதற்கென்று வேறு பிரீமியம் கட்ட வேண்டும். மருந்துக்கு ‘டி’ பகுதி என்று மற்றொன்று வாங்க வேண்டும். படைவீரருக்கு இவை இரண்டும் பொதுவாக அவசியமில்லை. டிரைகேரின் மருந்துத் திட்டம் ‘டி’ பகுதிக்குச் சமானமாக அங்கீகரிக்கப்பட்டதாகையால், அதை நம்பி ‘டி’ பகுதியை விட்டவருக்கு அபராதம் கிடையாது. ராணுவ மருந்தகத்தில் மருந்து இலவசம். 2025-ல் தபால் மூலம் வரவழைத்தால் மூன்று மாதத்துக்குரிய ஜெனரிக் மருந்து 13 டாலர். வெளி மருந்துக்கடையில் ஒரு மாதத்துக்குரியது 16 டாலர். ஆகவே, மாதம் 185 டாலர் என்பதை ‘பி’ பகுதியின் விலை என்று மாத்திரம் எண்ணுவது பிசகு. அது முழுப் பாதுகாப்புக்கும் சேர்த்துக் கொடுக்கும் விலை.

தவணை தவறினால்

மெடிகேரில் சேர முதல் அவகாசம் ஏழு மாதம்: 65-ஆம் பிறந்த நாள் வரும் மாதம், அதற்கு முந்திய மூன்று மாதங்கள், பிந்திய மூன்று மாதங்கள். முந்திய மூன்று மாதங்களுக்குள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் பதிந்துகொண்டால், பிறந்த மாதத்தின் முதல் தேதியிலேயே மெடிகேர் ஆரம்பமாகி, டிரைகேர் ஃபார் லைஃபும் அன்றே தொடங்கும். இடையில் ஒரு நாள்கூடப் பாதுகாப்பற்ற நாளாக இராது. முதல் தேதியில் பிறந்தவர்களுக்கு மாத்திரம் ஒரு மாதம் முன்னதாகவே மெடிகேர் வந்துவிடுவதால், அவர்கள் அந்த அளவுக்கு முன்கூட்டிக் காரியத்தைக் கவனிக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி உதவிப்பணத்தை ஏற்கனவே பெற்றுவருகிறவரை அரசாங்கமே சேர்த்துவிடும். பெறாதவர் தாமே சென்று சேர வேண்டும். ராணுவப் பென்ஷன் வருகிறதே, அதனால் மெடிகேரும் தானாக வந்துவிடும் என்று எண்ணியிருப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். பென்ஷன் கொடுக்கும் இலாகா வேறு, மெடிகேரில் சேர்க்கும் இலாகா வேறு.

ஏழு மாதத்தையும் தவறவிட்டால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான பொது அவகாசத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை அவருக்கு டாக்டர் செலவுக்கு மெடிகேரும் இல்லை. எதற்கும் டிரைகேரும் இல்லை. அதோடு, தாமதித்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பிரீமியத்தில் நூற்றுக்கு 10 வீதம் அபராதம் சேர்கிறது. மூன்று ஆண்டு தாமதித்தவர் 2025-ன் கணக்குப்படி மாதம் 55 டாலர் 50 சென்ட் அதிகம் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு அது 666 டாலர். ஓரிரண்டு ஆண்டுகளில் தீர்ந்துபோகிற தண்டனையன்று அது; ‘பி’ பகுதி உள்ளவரை, அதாவது பெரும்பாலும் உயிருள்ளவரை, தொடர்வது; மூலப் பிரீமியம் உயர உயரத் தானும் உயர்வது.

வருமானம் அதிகமுள்ளவர்கள் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய வருமான வரிக் கணக்கைப் பார்த்து மெடிகேர் பிரீமியத்தை நிர்ணயிப்பதால், 2025-ல் தனியாள் வருமானம் 106,000 டாலரையும் தம்பதிகளின் வருமானம் 212,000 டாலரையும் தாண்டியவர்களுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. பட்டாளத்தை விட்டபின் இரண்டாவது உத்தியோகத்தில் நல்ல சம்பளம் வாங்கி, இப்போது அதையும் விட்டவர்களுக்கு, இல்லாத வருமானத்துக்குக் கட்டணம் கேட்கும் கடிதம் வருவது இதனால்தான். வேலையை விட்டது போன்ற வாழ்க்கை மாற்றத்தைக் காட்டி, கட்டணத்தைத் திருத்தும்படி சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க அவர்களுக்குப் பாத்தியதை உண்டு.

மனத்தை மயக்கும் காரணங்கள்

‘பி’ பகுதி வேண்டாமென்று ஒருவரை எண்ணச் செய்யும் காரணங்கள் சில உண்டு. முதலாவது, தேகத்தில் நோய் இல்லை என்ற தைரியம். 65 வயதில் தினமும் ஐந்து மைல் நடக்கிறவருக்கு, 2025-ன் கணக்குப்படி ஆண்டொன்றுக்கு 2,220 டாலரை அரசாங்கத்துக்குக் கொடுப்பது வீண் விரயமாகவே தோன்றும். ஆனால் வைத்தியப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுக்கிறவர், தம் ஆயுளில் மிக நல்ல ஆண்டை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கலாகாது; மிக மோசமான ஆண்டை நினைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கொட்டகைக் கூரையை மழைக்காலத்தை உத்தேசித்து வேய்வதுதானே வழக்கம்?

இரண்டாவது, முன்னாள் படைவீரர் இலாகாவின் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன என்ற எண்ணம். இந்த இலாகா டிரைகேரைச் சேர்ந்ததன்று. அது தனி ஸ்தாபனம். ஊழியத்தால் ஏற்பட்ட காயங்களுக்கும் வியாதிகளுக்கும் அதன் சேவை ஒப்பற்றது. பீரங்கி முழக்கத்திலும் விமான இரைச்சலிலும் செவிப்புலன் குன்றியவர்களுக்கு, டிரைகேர் ஃபார் லைஃப் கொடுக்காத காதுக்கருவியை அது கொடுக்கிறது. 2022-ல் கையெழுத்தான சட்டம் ஒன்று, போர்முனைகளில் நச்சுப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு அதன் வாசலை இன்னும் விரிவாகத் திறந்துவிட்டது. ஆகவே, தகுதியுள்ள ஒவ்வொருவரும் அதில் பதிந்துகொள்ள வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் ‘பி’ பகுதிக்குப் பதிலாக அதைக் கொள்வது ஆபத்து. அந்த இலாகாவில் பதிந்திருப்பது ‘டி’ பகுதியின் அபராதத்திலிருந்து காக்குமே அன்றி, ‘பி’ பகுதியின் அபராதத்திலிருந்து காப்பதில்லை. நள்ளிரவில் மாரடைப்பு வந்து, அருகிலுள்ள சாதாரண ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லப்படுகிறவருக்கு, தூரத்து நகரில் உள்ள இலாகா ஆஸ்பத்திரி எவ்வளவு சிறப்புடையதாயினும் அந்த நேரத்துக்கு உதவாது. மேலும், அந்த ஆஸ்பத்திரிகளுக்கு மெடிகேர் பணம் கொடுப்பதில்லை. ஆகையால் ஊழியத்தோடு சம்பந்தமில்லாத ஒரு வியாதிக்கு டிரைகேர் ஃபார் லைஃபைக் காட்டி அங்கே சிகிச்சை பெற்றால், பில்லின் பெரும்பகுதி நோயாளியின் பொறுப்பாகிவிடலாம். இரண்டையும் வைத்துக்கொண்டு, எதை எதற்கு உபயோகிப்பது என்று பகுத்தறிவதே விவேகம்.

மூன்றாவது, இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறோம், கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது என்பது. இருபதோ அதற்கு மேலோ ஊழியர்களைக் கொண்ட கம்பெனியில் வேலை பார்ப்பவர் ‘பி’ பகுதியை ஒத்திப்போடலாம். வேலையோ அந்த இன்சூரன்ஸோ முடிந்த எட்டு மாதத்துக்குள் சேர்ந்துவிட்டால் அபராதம் இல்லை. ஆனால் அபராதம் இல்லை என்பதை டிரைகேர் உண்டு என்று மயங்கிவிடக் கூடாது. ‘பி’ பகுதி இல்லாத அந்தக் காலமெல்லாம் அவருக்கு டிரைகேர் கிடையாது. கம்பெனி இன்சூரன்ஸ் ஒன்றே துணை. அது போதுமானதென்றால் ஒத்திப்போடுவதில் தவறில்லை. வேலையை விடும் மாதத்துக்கு முன்பே ‘பி’ பகுதிக்கு எழுதிக்கொடுத்துவிடுவது உத்தமம். மத்திய அரசாங்கத்தின் சிவில் உத்தியோகத்திலும் இருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு மற்றொரு வசதி உண்டு: தங்கள் சிவில் இன்சூரன்ஸை ரத்துச் செய்யாமல் நிறுத்தி மாத்திரம் வைத்து, டிரைகேர் ஃபார் லைஃபை அனுபவித்து, பின்னால் வேண்டுமானால் திரும்பிக்கொள்ளலாம். ரத்துச் செய்தவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும். விண்ணப்பத்தில் ஒரு சொல்லை மாற்றி எழுதுவதால் ஆயுட்காலப் பாத்தியதை ஒன்று போய்விடக்கூடிய இடம் இது.

நான்காவது, மெடிகேரின் பாதுகாப்பைத் தனியார் கம்பெனிகள் மூலம் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் என்ற ‘சி’ பகுதித் திட்டங்கள். இலையுதிர் காலம் வந்தால், தொலைக்காட்சியிலும் தபால்பெட்டியிலும் இவற்றின் விளம்பரங்கள் பெருகுகின்றன. முன்னாள் படைவீரர்களுக்கென்றே கொடியும் தொப்பியும் போட்ட விளம்பரங்களும் வருகின்றன. பிரீமியம் இல்லை, ‘பி’ பகுதிப் பிரீமியத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறோம், பல் வைத்தியம் உண்டு, உடற்பயிற்சிச் சாலை உண்டு என்று அவை சொல்லுவன பெரும்பாலும் மெய்தான். சட்டமும் இதைத் தடுப்பதில்லை. சிலருக்கு இது பொருத்தமாகவும் அமையலாம். ஆனால் இவற்றில் சேர்ந்தவர், அந்தக் கம்பெனி குறிக்கும் டாக்டர்களின் வட்டத்துக்குள் இருக்க நேரிடும். சில சிகிச்சைகளுக்கு முன் அனுமதி கேட்க வேண்டும். நோயாளியின் பங்கை டிரைகேர் ஃபார் லைஃபிடம் பெற, ரசீதுகளைத் திரட்டித் தாமே கிளெய்ம் அனுப்ப வேண்டும். மூல மெடிகேரையும் டிரைகேர் ஃபார் லைஃபையும் வைத்திருப்பவரோ, மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும் நாடெங்கும் செல்லலாம். கணக்கும் தானே தீர்ந்துவிடுகிறது. மெடிகேரிலிருந்து முற்றிலும் விலகிக்கொண்ட டாக்டரிடம் மாத்திரம் போகாமல் இருந்தால் போதும். அத்தகையவரிடம் போனால் மெடிகேர் ஒன்றும் கொடாது, டிரைகேர் தன் சிறு பங்கை மாத்திரமே கொடுக்கும். மாதம் சில டாலர் மிச்சத்துக்காக இந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்குமுன், முதுமையில் நோயுற்றுக் கிடக்கும்போது ரசீதுகளைத் திரட்டி அனுப்பப் போகிறவர் யார் என்பதை ஒவ்வொருவரும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

மனைவியின் கணக்கு வேறு

கணவருக்கு 65 வயதாகிவிட்டால் மனைவிக்கும் எல்லாம் மாறிவிடுவதில்லை. மனைவிக்கு 61 வயதென்றால், அவர் தம் 65-ஆம் பிராயம் வரையில் பழைய டிரைகேரிலேயே இருப்பார். அந்தப் பிராயத்தை எட்டியபின் அவரும் தமக்கென்று ‘பி’ பகுதியில் சேர்ந்து, தமக்கென்று பிரீமியம் செலுத்த வேண்டும். வெளியே வேலை செய்யாத மனைவி, கணவருடைய வரிக் கணக்கைக் கொண்டே ‘ஏ’ பகுதியைப் பிரீமியமின்றிப் பெறலாம். கணவர் காலமான பின்னரும் டிரைகேர் ஃபார் லைஃப் அந்த அம்மாளுக்கு நிலைத்திருக்கிறது. ஆனால் ‘பி’ பகுதி இல்லையேல் அவருக்கும் இல்லை. குடும்பக் காகிதங்களையெல்லாம் கணவரே பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில், அவர் திடீரென்று மறைந்த பின், பிரீமியம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதே அறியாமல் விதவை தவிப்பது பெரும் பரிதாபம். ஆகையால் இந்தத் தீர்மானத்தை இருவரும் ஒரே மேஜையின் முன் அமர்ந்து, ஒரே காகிதத்தில் எழுதிச் செய்ய வேண்டும்.

65 வயதுக்கு முன்பே அங்கவீனத்தால் மெடிகேர் பெற்றவர்களுக்கும் இந்த விதி பொருந்தும். சோஷியல் செக்யூரிட்டியின் அங்கவீன உதவிப்பணம் 24 மாதம் பெற்றபின் மெடிகேர் வருகிறது. அன்றே அவரும் ‘பி’ பகுதியைக் கைக்கொள்ள வேண்டும்.

கடல் கடந்து வாழ்பவர்கள்

ஓய்வுக்குப் பின் வேறு நாட்டில் குடியேறுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு விசித்திரமாகத் தோன்றும். அமெரிக்காவுக்கும் அதன் பிரதேசங்களுக்கும் வெளியே மெடிகேர் பொதுவாக ஒன்றும் கொடுப்பதில்லை. ஆனால் டிரைகேர் ஃபார் லைஃப் அங்கே முதல் நிலையில் நின்று பணம் கொடுக்கும்; ஆண்டுக்குரிய ஆரம்பத் தொகை போக, செலவில் நூற்றுக்கு 25 வீதத்தை நோயாளி ஏற்க வேண்டும். பெரும்பாலும் முதலில் கைப்பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் ரசீதோடு கேட்டுப் பெற வேண்டும். அங்கும் ‘பி’ பகுதியின் பிரீமியத்தை விடாமல் செலுத்தி வந்தால்தான் இது செல்லும். மெடிகேர்தான் இங்கே உதவுவதில்லையே என்று பிரீமியத்தை நிறுத்துகிறவர், டிரைகேரையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்.

தமிழருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 2009-ல் அமெரிக்க ராணுவம், தனக்குத் தேவையான பாஷைகளை அறிந்த அந்நிய நாட்டவரைப் படையில் சேர்த்துப் பிரஜா உரிமை வழங்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பாஷைகளின் பட்டியலில் தமிழும் இடம்பெற்றிருந்தது. அப்போது சேர்ந்து 20 ஆண்டு ஊழியத்தைப் பூர்த்தி செய்பவர்கள் 2029 முதல் ஓய்வுபெறத் தொடங்குவார்கள். பின்னாளில் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ முதுமையைக் கழிக்க விரும்பும் அவர்களில் ஒருவர், 65-ஆம் பிராயத்தில் நினைவில் வைக்க வேண்டியது இந்த ஒரு விதியையே.

எட்டாத இடங்கள்

இவ்வளவு விரிந்த பாதுகாப்புக்கும் எல்லைகள் உண்டு. பல் வைத்தியமும் கண்ணாடியும் இதில் அடங்குவதில்லை. 2019 முதல் ஓய்வுபெற்ற படைவீரர்கள் மத்திய அரசாங்கத்தின் பல், கண் காப்பீட்டைத் தனியே வாங்கிக்கொள்ளும் வசதி ஏற்பட்டிருக்கிறது. இதைவிடப் பெரிய இடைவெளி, நீண்டகாலப் பராமரிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்குத் தேர்ந்த தாதியர் இல்லத்தில் சிகிச்சை அவசியமென்றால், மெடிகேரும் டிரைகேரும் மாறி மாறித் துணை நிற்கின்றன. 100 நாளுக்கு மேல் மெடிகேர் நின்றுவிட்டாலும், முன் அனுமதி பெற்று டிரைகேர் தொடரலாம். ஆனால் குளிப்பாட்டவும், உடுத்திவிடவும், உணவூட்டவும் மாத்திரம் ஆள் வேண்டிய முதுமைக்கு இரண்டு திட்டங்களும் ஒரு டாலரும் கொடா. ஊழியத்தால் நூற்றுக்கு 70 வீதமோ அதற்கு மேலோ அங்கவீனம் அடைந்தவருக்கு முன்னாள் படைவீரர் இலாகா இந்தப் பொறுப்பை ஏற்கும். மற்றவர்கள் தம் சேமிப்பையும், தம் ராஜ்யத்திலுள்ள படைவீரர் இல்லங்களையும், குடும்பத்தையுமே நம்ப வேண்டும். இதற்கான ஏற்பாட்டை 80-ஆம் வயதில் யோசிப்பதைக் காட்டிலும், 65-ஆம் வயதில் இந்தத் தீர்மானத்தோடு சேர்த்தே யோசிப்பது நல்லது.

ஆகவே, 64-ஆம் வயதில் இருக்கும் ஓய்வுபெற்ற படைவீரர் செய்ய வேண்டியவை இவை. ராணுவப் பதிவேட்டில் தம் விலாசமும் மனைவியின் விவரமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறந்த மாதத்துக்கு மூன்று மாதம் முன்னதாகவே ‘ஏ’, ‘பி’ இரண்டிலும் பதிந்துகொள்ள வேண்டும். மெடிகேர் அட்டை வந்ததும் ராணுவ அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். ஊழியத்தால் உண்டான வியாதி ஏதேனும் இருப்பின் முன்னாள் படைவீரர் இலாகாவிலும் பதிந்துகொள்ள வேண்டும். சந்தேகம் எழுந்தால், பாலிசி விற்க வருகிறவரைக் கேட்பதை விடுத்து, ஒவ்வொரு ராஜ்யத்திலும் மெடிகேரைப் பற்றி இலவசமாக ஆலோசனை சொல்ல அரசாங்கம் அமைத்திருக்கும் ஆலோசகர்களைக் கேட்க வேண்டும். அவர்களுக்கு விற்பதற்கு ஒன்றும் இல்லாததால், சொல்லும் வார்த்தையில் லாபநோக்கும் இல்லை.

இந்தப் பாத்தியதை யாரும் இரக்கப்பட்டு இட்ட தர்மம் அன்று. வாலிபத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்ன வாக்கைச் சட்டமாக்குவதற்கு, மனம் தளராத கிழவர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அதன் பலனை அனுபவிக்காமலே மறைந்தார்கள். அவர்கள் பெற்றுக் கொடுத்ததை, ஒரு தவணையைத் தவறவிட்ட அஜாக்கிரதையால் இழப்பது, தமக்கும் தம் மனைவிக்கும் மாத்திரமன்றி அவர்களுக்கும் செய்யும் அநியாயமாகும். கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உரிய நாளில் கேட்காமல் இருப்பதே தவறு.